மவுண்ட் ரோட்டில் கை காட்டிய போலீஸ்காரர்

மவுண்ட் ரோட்டில் அந்தப் போலீஸ்காரர் அன்று கை காட்டாமல் இருந்திருந்தால், என் மகளை நான் இன்னும் எத்தனை காலம் இடது கையிலேயே ஏந்திக்கொண்டிருப்பேன்? என் கணவரிடம் கேட்டால், "எப்படியும் டாக்டர் கண்டுபிடிச்சிருப்பார்" என்பார். இருக்கலாம். ஆனால் டாக்டர் அன்று அவசரத்தில் இருந்திருந்தால்? குழந்தை அவரைக் கண்டதும் அழ ஆரம்பித்து நிறுத்தாமலே போயிருந்தால்? ஒரு கேள்வி கேட்டால் அதற்குள் இன்னும் இரண்டு கேள்வி போட்டுக்கொள்வது என் சுபாவம். பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதும்போதும் இப்படித்தான், எழுதிய விடையை அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதுவேன்.

யுத்தம் முடியாத காலம் அது. அரியலூருக்குப் பக்கத்தில் நிலபுலத்தோடு இருக்கும் குடும்பம் எங்களுடையது. என் மகள் அப்போதுதான் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். பேச்சு வரவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. பேச்சு லேட்டாக வந்த உறவுக்காரக் குழந்தைகள் எல்லோரையும் வரிசையாகச் சொல்லி எனக்குச் சமாதானம் சொன்னார்கள். நானும் சமாதானம் ஆகியிருந்தேன், ஒரு நாள் என் கையிலிருந்து பித்தளைக் குடம் நழுவி விழும் வரை. தெருவில் போனவர்கள்கூட நின்று எட்டிப் பார்த்தார்கள். கூடத்தில் பாயில் ஒருக்களித்துப் படுத்து, கண்ணை விழித்துக்கொண்டு மரச்செப்பை உருட்டிக்கொண்டிருந்த என் மகள் மட்டும் திரும்பவில்லை.

அன்றிலிருந்து எனக்கு வேலை அதுதான். அவள் முதுகுக்குப் பின்னால் போய்க் கை தட்டுவேன். தட்டில் கரண்டியால் அடிப்பேன். சில சமயம் திரும்புவாள், சில சமயம் திரும்ப மாட்டாள். திரும்பினால், 'என் நிழலைப் பார்த்துத் திரும்பினாளோ' என்று நினைப்பேன். திரும்பாவிட்டால், 'விளையாட்டுக் கவனத்தில் இருக்கிறாளோ' என்று நினைப்பேன். கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு காய்ச்சல் வந்து காதில் சீழ் வடிந்தது நினைவுக்கு வரும். அரியலூர் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பட்டணத்தில் எழும்பூரில் காதுக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், தாமதிக்காமல் காட்டிவிடுங்கள் என்றார்.

அரியலூரில் ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். ஆனால் அப்போது ரயிலில் பட்டாளத்துக்காரர்களுக்கே இடம் போதவில்லை. ஜன்னல் வழியாக ஏறி ஜன்னல் வழியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் கணவரிடம் பழைய கார் ஒன்று இருந்தது. பெட்ரோல் கிடைக்காததால் அதன் முதுகில் ஒரு பெரிய இரும்பு டிரம்மைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓடுகிற வரைக்கும் ஓடும். நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவதற்குள் உயிர் போய்விடும். அதை அவர் பெற்ற பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்டார். "காரிலேயே போயிடுவோம்" என்று அவர் சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருந்தது.

துணைக்கு அண்ணி வந்தார். அண்ணி என் கணவரின் அக்கா. உடையார்பாளையம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, முந்திரிக்கொல்லையைத் தானே நின்று பார்த்துக்கொள்கிறவர். கொல்லையின் இந்தக் கோடியில் நின்று பேசினால் அந்தக் கோடியில் வேலை நடக்கும், அப்படி ஒரு குரல். டாக்டருக்கென்று ஒரு பை முந்திரிப்பருப்போடு வந்து காரில் ஏறி உட்கார்ந்தவர், முதல் வேலையாக வண்டியைச் சிறுவாச்சூர் காளி கோயிலுக்கு விடச் சொன்னார்.

"அக்கா, பட்டணம் வடக்க இருக்கு. சிறுவாச்சூர் தெக்க இருக்கு" என்றார் என் கணவர்.

"அவளுக்குத் தெக்கு வடக்கு தெரியும். நீ வுடு."

"பெரம்பலூர் போயி, தெக்க திரும்பி, மறுபடி பெரம்பலூர் வரணும். கரி தீந்துடும்க்கா."

"கரி தீந்தா வாங்கிக்கலாம்டா. அவ கோவிச்சுக்கிட்டா எந்தக் கடையில போயி என்ன வாங்குவ?"

வண்டி தெற்கே போனது. வெள்ளிக்கிழமை, நடை திறந்திருந்தது. அண்ணி சூடம் ஏற்றி, என் மகளின் இரண்டு காதிலும் விபூதியைப் பூசினார்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அரியலூர், பெரம்பலூர் ரோடுகளில் அப்போது கார் என்பது அபூர்வம். ரோட்டோரம் நிற்கிற யார் கை காட்டினாலும் காரை நிறுத்துவோம். எங்கே போகணும் என்று கேட்டு, ஏற்றிக்கொண்டு, போகிற வழியில் இறக்கிவிடுவோம். அதில் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேச்சே இல்லை. "வெயில்ல ஒரு மனுஷன் கை காட்டுறான், வண்டியில எடம் இருக்கு. நிக்காம போனா நமக்கு எதுக்கு காரு?" என்பது அண்ணியின் கட்சி. பின் சீட்டில் அவர் எப்போதும் இடது கதவை ஒட்டித்தான் உட்காருவார். கார் முழுதாக நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டு, "நகரு, நகரு" என்று என்னை இடித்துக்கொண்டு நகர்ந்து, வருகிறவருக்கு இடம் போட்டுவிடுவார். அன்றும் பெரம்பலூர் தாண்டியதும், கூடையில் கோழியோடு நின்ற ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டோம்.

கோழி கத்திக்கொண்டே வந்தது. என் மகள் என் மடியில் இடது கையில் தலை வைத்து, என் தாலிக்கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தாள்.

"அமரிக்கையான புள்ள" என்றாள் அந்தப் பெண். "எங்கூட்டுலயும் ஒண்ணு இருக்கே, கோழி கெக்குன்னா அதுவும் கெக்குங்கும்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அண்ணி அவளிடம் கோழி என்ன விலை என்று கேட்டுப் பேச்சை மாற்றினார்.

இரவு திண்டிவனத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை கிளம்பி, சைதாப்பேட்டை பாலத்தைத் தாண்டினோம். அதற்குப் பிறகுதான் மவுண்ட் ரோடு. என் கணவர் திருச்சிக் கடைத்தெருவில் கார் ஓட்டியிருக்கிறார்; பட்டணத்தில் அதுதான் முதல் தடவை. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவருடைய கழுத்து மட்டும்தான் தெரிந்தது. அது மரம் மாதிரி விறைத்திருந்தது, காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அவ்வளவு பெரிய மனிதர் பயப்படும்போது காது சிவக்கும் என்பதை அன்றுதான் கவனித்தேன். இன்றைக்கும் அதை அவரிடம் சொன்னதில்லை.

அந்த ரோட்டை எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் எதிரெதிரே இரண்டு மாட்டு வண்டி வந்தால் ஒன்று வயலோரம் இறங்கி நிற்கும். இங்கே ஒரே நேரத்தில் பட்டாள லாரி, பஸ், ஜட்கா, ஆள் இழுக்கும் ரிக்ஷா, சைக்கிள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் போயின. நடுவே தண்டவாளத்தில் டிராம் வண்டி, வீடு ஒன்று நகர்ந்து வருகிற மாதிரி வந்தது. இருபுறமும் மாடிமாடியாகக் கடைகள், கண்ணாடிக்குள் துணி உடுத்தி நின்ற பொம்மைகள், வாசலில் மணல் மூட்டை அடுக்கிய கட்டடங்கள். அண்ணி ஒரு பொம்மையைப் பார்த்து, "ஏன்டா, இந்தம்மா காலையிலேருந்தே இப்படியே நிக்கிதா?" என்று கேட்டார். என் கணவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நிக்காம போயிட்டா போதும், நிக்காம போயிட்டா போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கடைகள் எதுவும் மனதில் ஏறவில்லை. என் கண்ணெல்லாம் மடியிலிருந்த முகத்தின் மேல்தான். ஒரு லாரி எங்களை ஒட்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. நான் திடுக்கிட்டேன். அவள் தாலிக்கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பஸ். அவள் கொட்டாவி விட்டாள். ஜட்காக்காரன் ஜன்னலோரம் வந்து குதிரையை அதட்டினான். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. எங்கள் ஊரில் சத்தம் போதாது, அதனால்தான் திரும்பவில்லை என்று ஒரு நம்பிக்கையை மிச்சம் வைத்திருந்தேன். பட்டணத்துச் சத்தமெல்லாம் சேர்ந்தும் அவளைத் திருப்பவில்லை.

ரவுண்டாணாவில் ரோடுகள் கூடும் இடத்தில் சிவப்புத் தலைப்பாகையோடு ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் காரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

என் கணவர் பிரேக்கை மிதித்தார். கரி வண்டி ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. அவர், "போச்சு" என்றார். அதற்குள் இடது கதவு திறந்துவிட்டது. "நகரு, நகரு" என்று அண்ணி என்னை வலது ஜன்னலோடு நெருக்கினார். இடது கையில் இருந்த குழந்தையின் தலை எங்கள் இருவருக்கும் நடுவில் நசுங்கப் பார்த்தது. நான் சட்டென்று அவளைத் திருப்பி வலது கைக்கு மாற்றி, தலை ஜன்னல் பக்கம் வரும்படி வைத்துக்கொண்டேன்.

அண்ணி வெளியே எட்டி, கொல்லைக் குரலில் கூப்பிட்டார்.

"ஏறிக்குங்க தம்பி! எதுவரைக்கும் போவணும்?"

போலீஸ்காரர் கையை இறக்காமலே திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா சொல்றே?"

"வெயில்ல நிக்கிறீங்களே. நாங்க எழும்பூர் போறோம். வழியில எங்க சொன்னாலும் எறக்கி வுட்டுடறோம். எடம் இருக்கு, பாருங்க."

என் கணவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "அக்கா, கதவச் சாத்து. அது ஏறுறதுக்குக் காட்டுற கை இல்ல."

"பின்ன எதுக்குடா காட்டுறாரு?"

பின்னால் ஹார்ன்கள் கிளம்பின. போலீஸ்காரர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். மீசைக்குள் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "நான் ஏறிக்கினா இந்த ரோட்ட யாரும்மா பாத்துக்குவாங்க? உன் வூட்டுக்காரரா?"

"இவன் என் தம்பிங்க" என்றார் அண்ணி, தப்பைத் திருத்துகிற நிதானத்தோடு.

அந்த நேரத்தில்தான் என் ஜன்னல் பக்கம் டிராம் வந்து நின்றது. எங்களால் எல்லாமே தடைப்பட்டிருந்தன. டிராம் ஓட்டுகிறவர் எரிச்சலோடு காலால் மணியை மிதித்தார். டங் டங் என்று அடித்தது.

என் மகள் தாலிக்கயிற்றை விட்டாள். கண் பெரிதாகியது. தலையைத் திருப்பினாள்.

"அண்ணி" என்றேன். அவர் போலீஸ்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி, "அண்ணி, இவ திரும்பினா."

"எதுக்கு?"

"மணிக்கு." சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இல்ல, டிராமப் பாத்தாளோ என்னமோ. எதிர்ல வந்துச்சே."

அண்ணி ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் மேல் சாய்ந்து ஜன்னல் வழியாக டிராம்காரரைக் கூப்பிட்டார். "ஐயா! இன்னொரு தரம் அடிங்க!"

டிராம்காரர் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அண்ணி விடவில்லை. "கொழந்தைக்குக் காது கேக்குதான்னு பாக்கணும்யா. டாக்டருகிட்டதான் போயிட்டிருக்கோம். ஒரே ஒரு தரம் அடிங்க."

டிராமில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போலீஸ்காரர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் இரண்டு பக்கமும் கையை நீட்டி எல்லா வண்டியையும் நிறுத்தினார். "ஹார்ன் அடிக்காதீங்கய்யா, கொஞ்சம் இரு!" என்று அதட்டினார். பிறகு டிராம்காரரைப் பார்த்து, "அடிய்யா" என்றார்.

நான் முந்தானையால் குழந்தையின் கண்ணை மறைத்தேன். மணி அடித்தது. முந்தானைக்குள்ளேயே தலை திரும்பியது.

"கையை மாத்திப் பாரு" என்றார் முன்சீட்டிலிருந்து திரும்பியிருந்த என் கணவர். அவர் எப்போது திரும்பினார் என்று எனக்குத் தெரியாது. நான் அவளைத் தூக்கி, பழையபடி இடது கைக்கு மாற்றினேன். அப்போது அவளுடைய வலது காது என் நெஞ்சோடு ஒட்டி மறைந்தது. மணி அடித்தது. ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி வலது கை. மணி அடித்தது. திரும்பினாள், இந்தத் தடவை உதட்டைப் பிதுக்கி அழவும் செய்தாள்.

"கேக்குது!" என்றார் டிராம்காரர், தானே பெற்றவர் மாதிரி.

"ஒரு பக்கம் கேக்குது" என்றார் என் கணவர் மெல்ல. அவர் காது அப்போதும் சிவப்பாகவே இருந்தது, ஆனால் அது பயத்தினால் இல்லை.

எனக்கு அந்த நிமிஷத்தில் சந்தோஷமா, துக்கமா என்று கேட்டால் தெரியாது. குடம் விழுந்த நாளில் அவள் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. கேட்கிற காதைத் தலையணையிலும் என் நெஞ்சிலும் வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். ஒருவேளை என் நெஞ்சுக்குள் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாளோ? அதனால்தான் அந்தப் பக்கமே பிடித்திருந்ததோ? இதுவும் நானாக நினைத்துக்கொள்வதுதான்.

கரி வண்டி கிளம்பவில்லை. என் கணவர் இறங்கி முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் போலீஸ்காரரும் டிராமிலிருந்து இறங்கிய இரண்டு பேரும் சேர்ந்து காரை ஓரத்துக்குத் தள்ளினார்கள். அண்ணி பின்னால் திரும்பிப் பார்த்து மனம் நொந்துபோனார். "பாவம்டி, ஏறிக்கச் சொன்னா தள்ளிக்கிட்டு வராரு." இறங்கும்போது டாக்டருக்கென்று கொண்டுவந்த பையிலிருந்து இரண்டு கை முந்திரிப்பருப்பை அள்ளி அவருடைய தலைப்பாகைத் துணியின் முனையில் முடிந்துவிடப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டே உள்ளங்கையை மட்டும் நீட்டினார்.

ஓரத்தில் மறுபடி கரி மூட்டி வண்டியைக் கிளப்பிப் போய்ச் சேர்ந்தோம். எழும்பூர் டாக்டர் காதருகே மணி, சீட்டி, தட்டினால் ஒலிக்கும் ஒரு இரும்புக் கவை எல்லாம் வைத்துப் பார்த்தார். இடது காது கேட்காது. வலது காது கேட்கும், நல்ல காது அளவுக்கு இல்லாவிட்டாலும் பேச்சுக்குப் போதும் என்றார். வலது பக்கம் உட்கார்ந்து, முகம் தெரியும்படி, உரக்கப் பேசுங்கள். பேச்சு வந்துவிடும் என்றார். ரவுண்டாணாவில் நடந்ததைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாதி வேலையை நடுரோட்டிலேயே முடிச்சிட்டு வந்திருக்கீங்களே" என்றார். திரும்பி வரும்போது அண்ணி அதே இடத்தில் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். வேறு ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அவர் ஒன்றும் புரியாமல், எங்களை நிறுத்தாமல், போகச் சொல்லிக் கை அசைத்தார். "இது எதுக்குக் காட்டுற கை?" என்று அண்ணி கேட்க, என் கணவர் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு மறுபடி பயம் வந்துவிட்டது.

டாக்டர் சொன்னபடியே பேச்சு வந்தது. முதலில் வந்தது "அம்மா" இல்லை, "நகரு". அண்ணிக்கு அதில் இன்றைக்கும் பெருமை. அண்ணி வந்தால் வலது பக்கம் உட்கார்ந்து, கொல்லைக் குரலில்தான் அவளிடம் பேசுவார். என் மகளுக்கு உலகத்திலேயே தெளிவாகப் பேசுகிற ஆள் அத்தைதான். யுத்தம் முடிந்துவிட்டது. டிரம்மைக் கழற்றியாயிற்று. எந்தக் கையிலும் ஏந்த முடியாத அளவுக்கு என் மகள் வளர்ந்துவிட்டாள். நடக்கும்போது அவளை என் இடது பக்கம் விட்டு, அவளுடைய வலது காது என் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். வெளியார் யாருக்கும் இது தெரியாது. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் கர்வம் பிடித்த பெண் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வருகிற விஜயதசமிக்கு அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இங்கேதான் எனக்கு உங்கள் உதவி வேண்டும்.

வாத்தியாரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், வலது காது அவர் பக்கம் வரும்படி முன்னால் உட்கார வைக்கச் சொல்ல வேண்டும் என்கிறார் என் கணவர். சொல்லாவிட்டால் கேட்காத காதில் பாடம் சொல்லிக் கேட்காத குற்றத்துக்கு அடி வாங்குவாள் என்கிறார். அண்ணி கூடாது என்கிறார். "பொட்டப்புள்ளடா. இன்னிக்கு வாத்தியாருக்குத் தெரிஞ்சா நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கே தெரியும். அவளுக்குப் பேரே அதுவா ஆயிடும். நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் காதுக்குப் போகாதா?" மவுண்ட் ரோட்டில் அத்தனை பேர் முன்னால் மணி அடிக்கச் சொன்ன அதே அண்ணிதான் இதைச் சொல்கிறார். கேட்டால், "அங்க நம்மள யாருக்குடி தெரியும்?" என்கிறார். இரண்டு பேரும் அவள் மேல் உயிரை வைத்திருக்கிறவர்கள். கணவர் பேசும்போது அவர் சொல்வது சரியாகப் படுகிறது, அண்ணி பேசும்போது அவர் சொல்வது சரியாகப் படுகிறது.

இதை வாசிக்கும் சகோதரிகளில் இப்படி ஒரு குழந்தையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். நீங்களே ஒரு காது கேட்காமல் பள்ளிக்கூடம் போய் வந்தவர்களாகவும் இருக்கலாம். வாத்தியாரிடம் சொன்னீர்களா, மறைத்தீர்களா? சொன்னதால் என்ன வந்தது, மறைத்ததால் என்ன வந்தது? அவளிடமே என்ன சொல்லிவைப்பது? விஜயதசமிக்கு முன்னால் எனக்கு எழுதுங்கள். சுருக்கமாக எழுதினாலும் போதும். நான் அதை எப்படியும் பல தடவை படிப்பேன்.